அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் டிரம்ஸ் ஏன் தகர டப்பாவைத் தட்டுவது போல் கேட்கிறது?

ரெக்கார்டிங் கோளாறு இல்லைங்க, தெரிஞ்சே செஞ்சது. டிரம் செட்டுல இருக்கிற ஸ்நேர் டிரம்மோட கீழ்ப்பக்கத் தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் இருக்கும். அந்தச் 'சர்ர்'ங்கிற ஓசை அதுலதான் வருது. 2003-ல வந்த இந்த ஆல்பத்துல டிரம்மர் லார்ஸ் உல்ரிச் கம்பியை விலக்கி வெச்சே வாசிச்சுட்டார். கம்பி தோலைத் தொடலேன்னா மிஞ்சுறது வெறும் 'டங்'. போதாக்குறைக்கு கிட்டார் சோலோ (கிட்டார் தனியா முன்னால வந்து வாசிக்கிற பகுதி) ஒண்ணுகூட இல்லை. ரசிகர்கள் கொதிக்க மாட்டாங்களா? (தலைப்புப் பாட்டுக்கு கிராமி கிடைச்சது வேற கதை.)

கேரளாவுல கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோயில் செண்டை கேட்டு வளர்ந்த காது எனக்கு, அந்த 'டங்' உறுத்தவே இல்லை. நீளம்தான் தாங்கலை. 11 பாட்டு, 75 நிமிஷம். பஸ்ஸுல கேட்டுட்டே போனா கோயம்புத்தூர் வந்துடும், ஆல்பம் முடியாது.