குறி தவறும் பல்லி: கோளாறு கண்ணிலா, தீவனத்திலா?

கேள்வி: இரண்டு வயது லெப்பர்டு கெக்கோ பல்லி ஒன்று வளர்க்கிறேன். கொஞ்ச நாளாக, இரையாகப் போடும் சில்வண்டு (கிரிக்கெட் பூச்சி) மேல் பாய்ந்தாலும் குறி தவறிப் பக்கத்து மணலைக் கவ்வுகிறது. வலது கண்ணைப் பாதி மூடியே வைத்திருக்கிறது. சில்வண்டுகளையும் நானே வளர்க்கிறேன். அவற்றுக்குக் கோதுமைத் தவிடு மட்டும்தான் தீவனம். பார்வை போய்விட்டதா? நமக்குப் போடும் கண் சொட்டு மருந்து விடலாமா?

பதில்: சொட்டு மருந்து வேண்டாம். நாம் போடும் மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். விழியில் கீறலோ புண்ணோ இருந்தால் அது புண்ணை ஆறவிடாமல் ஆழமாக்கிவிடும்.

பார்வை போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் சொன்னதில் என் கண்ணில் முதலில் பட்டது மணல். லெப்பர்டு கெக்கோவுக்கு அசையும் இமை உண்டு. மணல் துகளோ, சட்டை உரிக்கும்போது கழலாமல் நின்ற தோலோ அந்த இமைக்கடியில் தங்கினால் கண்ணைத் திறக்காது. ஒரு கண் மட்டும் என்பதால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மணலை எடுத்துவிட்டுத் தாள் விரியுங்கள். ஈரப் பாசி வைத்த சிறு பெட்டி ஒன்றையும் உள்ளே வையுங்கள், தோல் ஒழுங்காக உரியும். சுத்தமான சலைன் நீரை வெதுவெதுப்பாக்கிக் கண்மேல் விட்டு ஊறவிடலாம். இடுக்கியால் எதையும் பிடித்து இழுக்கக் கூடாது.

சரி, தவிடு விஷயத்துக்கு வருவோம். மாட்டுத் தீவனத்தில் காட்டும் அக்கறையைச் சில்வண்டுத் தீவனத்தில் பலர் காட்டுவதில்லை. பூச்சியின் உடம்பில் வைட்டமின் ஏ இயல்பாகவே மிகக் குறைவு. தவிட்டிலும் அது கிடையாது. இந்தச் சத்து குறைந்தால் கண்ணீர்ச் சுரப்பிகளின் உள்படலம் தடித்து, நாளம் அடைபடும். இமைக்கடியில் பாலாடைக்கட்டி போல வெள்ளைக் கசடு சேரும். பின்னாலேயே கிருமித்தொற்றும் வரும். ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் போகலாம். பூச்சியைப் போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அந்தப் பூச்சிக்குக் கேரட், கீரை, நல்ல கலவைத் தீவனம் கொடுங்கள். ஆனால் கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின்; அதை உடம்புதான் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதை மட்டும் நம்பாமல், பூச்சிமேல் தூவும் சத்துப்பொடியின் லேபிளில், மாற்றத் தேவையில்லாத ரெட்டினால் வகை வைட்டமின் ஏ இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக அள்ளித் தூவவும் கூடாது. இந்தச் சத்து ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், மிஞ்சினால் தோல் உரிந்து புண்ணாகும். எவ்வளவு தூவுவது என்பதை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசியாகப் போடுவதும் அவர் முடிவுதான்.

தொட்டியில் புற ஊதா விளக்கு இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. விளக்கு மிக அருகில் இருந்தாலோ பக்கவாட்டிலிருந்து கண்ணில் அடித்தாலோ விழிப்படலம் வெந்துபோகும். அப்போது பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஒளிந்து கிடக்கும். நிறமி குறைந்த அல்பினோ வகைக்குச் சாதாரண வெளிச்சமே கூசும்.

குறி தவறுவதெல்லாம் கண் கோளாறும் அல்ல. எனிக்மா என்ற நிற வகையில் பிறவி நரம்புக் கோளாறு உண்டு. கண் நன்றாக இருந்தும் தலை சாய்ந்து, வட்டமடித்து, இரையைத் தவறவிடும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் உடல் நடுங்கி, தாடை தளர்ந்து, பிடி நழுவும். கண்புரை வந்தால் கண்மணிக்குள் வெண்மை தெரியும். இரண்டு வயதில் அது அவ்வளவாக வராது.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். இடுக்கியில் பூச்சியைப் பிடித்து முதலில் இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம் மெல்ல ஆட்டுங்கள். வலப்பக்கம் மட்டும் தலை திரும்பவில்லை என்றால் அந்தக் கண்ணில்தான் சிக்கல். இமை வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, விழி மங்கலாகத் தெரிந்தாலோ, கொழுப்பு சேர்ந்து தடித்திருக்கும் வால் மெலிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். இதெல்லாம் இல்லாமல், மணலை எடுத்த சில நாளிலும் கண் திறக்காவிட்டாலும் காட்டிவிடுங்கள். அதுவரை வழவழப்பான கிண்ணத்தில் புழு வைத்தோ இடுக்கியால் ஊட்டியோ பசி ஆற்றுங்கள். தின்னாமல் விட்ட சில்வண்டை இரவில் தொட்டியிலேயே விடாதீர்கள், அது பல்லியின் கண்ணையே கடித்துவிடும்.