படகில் இரண்டாவது பேட்டரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது உள் இன்ஜின் வைத்த பைபர் படகு. செல்ஃப் ஸ்டார்ட், இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், 12 வோல்ட் 80 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரி ஒன்று. ராத்திரி வலை விட்டபின் இன்ஜினை நிறுத்திவிடுவோம். ஜி.பி.எஸ்., ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ், நாலு எல்.இ.டி. விளக்கு மட்டும் ஓடும். விடிகாலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. இப்போது புதிதாக 100 ஏ.எச். டியூபுலர் பேட்டரி வாங்கியிருக்கிறோம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துவிட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். சேர்க்கலாமா?
– வாசகர், தாழங்குடா

பதில்: மைனஸைச் சேருங்கள். பிளஸ்ஸை நிரந்தரமாகச் சேர்க்காதீர்கள். இரண்டையும் கட்டிவிட்டால் மின்சாரத்தைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது ஒரே பேட்டரிதான். விளக்கு இழுக்கும்போது இரண்டும் சேர்ந்தே இறங்கும். 80-ல் ஸ்டார்ட் ஆகாமல் போன படகு 180-லும் ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும், கொஞ்சம் தாமதமாக. போதாததற்கு ஒன்று பழசு, ஒன்று புதுசு. ஒன்று சட்டென்று நிறைய மின்சாரம் தரும் ஸ்டார்ட்டிங் வகை, ஒன்று நெடுநேரம் நிதானமாகத் தரும் டியூபுலர். பழையதில் ஒரு செல் போனால் புதியது ராத்திரி முழுக்க அதற்குள் வடிந்துகொண்டே இருக்கும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஜி.பி.எஸ்.ஸும் எக்கோவும் சேர்ந்து சுமார் 1.5 ஆம்பியர். வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்க 0.5. 10 வாட் விளக்கு நாலுக்கு 3.3. மொத்தம் 5.3 ஆம்பியர், 10 மணி நேரத்துக்கு 53 ஏ.எச். வயர்லெஸில் பேசும்போது 25 வாட் செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். மொத்தமாக அரைமணி பேசினாலும் அது 3 ஏ.எச். தான். ஆக 56. புதிய 100 ஏ.எச். பேட்டரி ஒன்றே ஒரு ராத்திரிக்குத் தாங்கும், அதில் பாதிக்குச் சற்று மேல் செலவாகும். பழைய 80-ஐ ஸ்டார்ட்டருக்கு மட்டும் ஒதுக்குங்கள். அதிலிருந்து ஒரு சின்ன பல்புக்குக்கூட ஒயர் எடுக்கக் கூடாது.

இணைப்பு இப்படி. இரண்டு பேட்டரியின் மைனஸும் கெட்டி ஒயரில் சேர்ந்து இன்ஜின் பிளாக்குக்குப் போகட்டும். 80-ன் பிளஸ்ஸிலிருந்து ஒரு மெயின் சுவிட்ச், அங்கிருந்து ஸ்டார்ட்டர். இதற்கு 35 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயர், முடிந்தவரை குட்டையாக. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுத்தாலும், போக ஒன்றரை மீட்டர் வர ஒன்றரை மீட்டர் ஒயரில் 0.3 வோல்ட்தான் இழப்பு. அதே தூரத்துக்கு 10 ஸ்கொயர் போட்டால் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். பல படகுகளில் பேட்டரி ‘வீக்’ என்று மாற்றுகிறார்கள், கோளாறோ ஒயரில் இருக்கிறது.

100-ன் பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ், அடுத்து ஒரு சுவிட்ச், அப்புறம் ஃபியூஸ் பாக்ஸ். முதல் ஃபியூஸ் டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, ஜி.பி.எஸ்.ஸை அல்ல. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே ஒயர் உரசி ஷார்ட் ஆனால் நிறுத்த ஆளில்லை. பைபர் பற்றிக்கொண்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி சார்ஜ். ஆல்டர்னேட்டர் 80-க்கு நேராகப் போகட்டும். இரண்டு பிளஸ்ஸுக்கும் நடுவே வி.எஸ்.ஆர். எனப்படும் வோல்டேஜ் ரிலே ஒன்று வையுங்கள். 12 வோல்ட் படகுக்கான ரிலே பெரும்பாலும் 13.3 வோல்ட் பக்கம் சேரும், 12.8-க்கு இறங்கினால் பிரியும். இன்ஜின் ஓடினால் இரண்டும் சார்ஜ் ஆகும். நின்றால் தானாகப் பிரிந்துவிடும். இந்த ஒயர் 16 ஸ்கொயர். இரண்டு முனையிலும் பேட்டரி ஓரத்திலேயே 80 ஆம்பியர் ஃபியூஸ் ஒவ்வொன்று. இரண்டு பக்கமும் மின்சாரம் உள்ள ஒயர் என்பதால் ஒரு ஃபியூஸ் போதாது. 100 நன்றாக இறங்கியிருந்தால் ரிலே சேர்ந்ததும் வோல்டேஜ் விழுந்து, டக் டக் என்று சிலமுறை சேர்ந்து பிரியும். பயப்பட வேண்டாம்.

கடைக்காரர் ‘1, 2, போத், ஆஃப்’ என்று குமிழ் சுவிட்ச் ஒன்றை எடுத்து நீட்டலாம். கெட்ட பொருள் இல்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் ‘போத்’திலேயே விட்டுவிட்டால் பழைய கதைதான். அதோடு, ஆல்டர்னேட்டர் அதன் வழியாக இணைந்திருக்கும்போது, இன்ஜின் ஓடுகையில் குமிழ் ‘ஆஃப்’பைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும். ஆள் மறந்தாலும் வேலை செய்கிற ரிலேவுக்கே என் ஓட்டு.

35 ஆம்பியர் என்று தகட்டில் எழுதியிருப்பதை நம்பி ‘ரெண்டு மணி நேரத்தில் ஏறிவிடும்’ என்று கணக்குப் போடாதீர்கள். மெதுவாக ஓடும் இன்ஜினில் அதில் பாதி வந்தாலே பெரிது. ஈய பேட்டரி கடைசி 20 சதவீதத்தை நிதானமாகத்தான் வாங்கும். வாரம் ஒருமுறை கரையில் 10 ஆம்பியர் சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போடுங்கள். அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் தட்டில் சல்பேட் படிந்து பேட்டரி சீக்கிரம் போய்விடும். சார்ஜிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் கழித்து 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் பாதி.

கேள்வி: ஒயர் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அணியத்து (படகின் முன்பக்க) விளக்கு மங்கலாக எரிகிறது. பேட்டரி நன்றாகவே இருக்கிறது.
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: பேட்டரியில் 12.6, விளக்கில் எவ்வளவு என்று எரியும்போதே மல்டிமீட்டரில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் வழியில் இருக்கிறது. ஒயர் முனையில் லக் (உலோக வளையம்) மாட்டிய இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி மேல்தோலைச் சீவிப் பாருங்கள். செம்பு மினுமினுக்காமல் கறுத்திருந்தால் உப்புத் தண்ணீர் இழைகளுக்குள் ஏறிவிட்டது. பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். முழுக்கக் கறுத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் வெறும் செம்பு ஒயர் கடலுக்கு ஆகாது. வெள்ளீயம் பூசிய ஒயர் கேளுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் வேண்டாம், டேப் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். லக்கைக் கிரிம்பிங் கருவியில் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். டெர்மினலை முறுக்கிய பிறகே மேலே வாசலின்.

ஒயரின் தடிமனும் காரணமாகலாம். 6 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் போக 2.5 ஸ்கொயர் போட்டால் 0.8 வோல்ட் குறையும்; 6 ஸ்கொயரில் 0.35 தான்.

கேள்வி: கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் 9.9 எச்.பி. அவுட்போர்டு. சார்ஜ் வசதி இல்லை. யு.பி.எஸ். பேட்டரி, 12 வோல்ட் 7 ஏ.எச்., இரண்டைப் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் இணைத்து ஜி.பி.எஸ்.ஸும் ஒரு விளக்கும் ஓட்டலாமா?
– வாசகர், வீராம்பட்டினம்

பதில்: தாராளமாக. ஸ்டார்ட்டர் இல்லாத படகில் பிரித்து வைக்கக் காரணமே இல்லை. ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கிய ஜோடியாக இருக்கட்டும். லோடுக்குப் பிளஸ்ஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸை இரண்டாவதிலிருந்தும் எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும். ஜி.பி.எஸ். 0.5, 5 வாட் விளக்கு 0.4, 8 மணி நேரத்துக்கு 7 ஏ.எச்., அதாவது பாதி. 40 வாட் சோலார் தகடும் கன்ட்ரோலரும் நல்ல வெயிலில் அன்றே அதை ஈடுகட்டிவிடும். பின்னாளில் இன்ஜினில் லைட்டிங் காயில் (மின்சாரம் தரும் சுருள்) போட்டால் அதை நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள். அதில் வருவது ஏ.சி.; நடுவே அதை டி.சி.யாக்கி அளவோடு தரும் ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் வேண்டும். பேட்டரி மூடிய பெட்டியில், வாரில் கட்டி, பெட்ரோல் டின்னிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

கேள்வி: விசைப்படகில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைச் சீரியஸில் (ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு) போட்டு 24 வோல்ட். வயர்லெஸுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுக்கிறோம். அந்தப் பேட்டரியே அடிக்கடி போகிறது.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: போகத்தான் செய்யும். வயர்லெஸ் இழுப்பது ஒன்றிலிருந்து. ஆல்டர்னேட்டர் ஏற்றுவது இரண்டுக்கும் ஒரே அளவு. ஒன்று எப்போதும் பாதியிலேயே நிற்கும், மற்றது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் கொதித்து வற்றும். மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தை ஒப்பிட்டாலே தெரியும். 24-லிருந்து 12 தரும் டி.சி. கன்வெர்ட்டர் ஒன்று வையுங்கள், வயர்லெஸ் பேச 10 ஆம்பியர் தாங்குவது போதும். இனி மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் இரண்டையும் முழு சார்ஜ் ஏற்றி, மைனஸைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை திரும்ப ஏற்றுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். அப்போது ஸ்பேனர் இன்ஜினில் பட்டாலும் பொறி பறக்காது.

கேள்வி: ஸ்டார்ட்டிங்குக்குப் பழைய ஈய பேட்டரியை வைத்துக்கொண்டு, விளக்குக்கு லித்தியம் வாங்கி வி.எஸ்.ஆர். ரிலேயில் சேர்க்கலாமா?
– வாசகர், நல்லவாடு

பதில்: வேண்டாம். லித்தியம் அயன் பாஸ்பேட் சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 காட்டும். 12.8-ல் பிரிய வேண்டிய ரிலே இன்ஜின் நின்ற பிறகும் பிரியாது. நடுவில் டி.சி.–டி.சி. சார்ஜர் போட்டால் செய்யலாம். அதன் விலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.