தணலில் சுட்ட மாட்டுக்கறி ஏன் ரப்பராகிறது? கேள்வி பதில்

பதினைந்து வருடமாக மொட்டைமாடியில் அடுப்புக் கரி மூட்டி மாட்டுக்கறி சுடுகிறேன். முற்றின கறியைச் சுடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் கீழே.

கேள்வி (பெரம்பூர்): அண்ணா, தயிர், எலுமிச்சை, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவைத்தேன். பெரிய பெரிய துண்டாகச் சுட்டேன். செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. மசாலா போதவில்லையா?

பதில்: மசாலா போதும் தம்பி. ஆனால் எவ்வளவு நேரம் ஊறினாலும் மசாலா மேல்பரப்பில் சில மில்லிமீட்டர் வரைதான் இறங்கும். உப்பு மட்டும் மெதுவாக உள்ளே போகும், போய் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் கிலோவுக்கு இரண்டு இரண்டரை டீஸ்பூன் உப்பை முந்தின நாளே தடவிவிடுங்கள். எலுமிச்சையைக் கடைசி அரை மணி நேரத்துக்கு முன் சேர்க்காதீர்கள். புளிப்பில் நிறைய நேரம் கிடந்தால் மேல்பகுதி மாவு மாதிரி ஆகும், உள்ளே அப்படியே விறைப்பாக இருக்கும்.

இன்னொரு விஷயம், நம் கடைக்கு வரும் மாடு. 1958ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 10 வயது தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது, இல்லையென்றால் காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்று சான்று வாங்கிய மாட்டைத்தான் வெட்டலாம். அதாவது பெரும்பாலும் உழுது, வண்டி இழுத்து, வயதான மாடு. வயதாக ஆக சதையைச் சுற்றியுள்ள சவ்வு இறுகிக்கொண்டே போகும். வெளிநாட்டு வீடியோவில் இரண்டு விரல் கனத்துக்குச் சுடுகிறார்களே, அது பெரும்பாலும் இரண்டு வயதுகூட நிரம்பாத, தானியம் தின்று வளர்ந்த மாட்டின் கறி. அதே கனத்தில் நம் கறியைச் சுட்டால் யார் சுட்டாலும் தோல்தான்.

அப்புறம் என்ன செய்வது? கத்தியை எடுங்கள். கறியில் நார் ஓடும் திசையைப் பாருங்கள், அதற்குக் குறுக்கே, அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் சீவுங்கள். கரும்பை நீளவாக்கில் கிழித்துக் கடித்தால் சக்கை நார் நாராக வாயில் நிற்கும், அதையே வட்ட வட்டமாக மெல்லிசாகச் சீவினால் நார் துண்டு துண்டாகிவிடும். கறியிலும் அதேதான். நீளமான நாரைப் பல் அறுக்க வேண்டிய வேலையைக் கத்தி முன்னமே செய்துவிடுகிறது. ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து லேசாக இறுகியதும் சீவினால் கை வழுக்காது.

கேள்வி: கடையில் எந்தப் பகுதியைக் கேட்பது?

பதில்: பின்தொடையில் சவ்வு குறைந்த, ஒரே திசையில் நார் ஓடுகிற துண்டாகக் கேளுங்கள். முதுகெலும்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெத்தென்ற சதை கிடைத்தால் விடாதீர்கள், அது சீக்கிரம் தீர்ந்துவிடும், காலையிலேயே போக வேண்டும். கால் கறியும் கழுத்தும் நேரடியாகத் தணலுக்கு ஆகாது. அந்தச் சவ்வு கரைய 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஈரத்தோடு ரொம்ப நேரம் வேக வேண்டும், தணலில் அதற்குள் கறி காய்ந்துவிடும். குக்கரில் உப்பு மஞ்சள் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, ஆறவிட்டு, அந்தத் தண்ணீரைச் சுண்டவைத்து மசாலாவில் கலந்து தடவி, கடைசியில் தணலில் வாட்டினால் அருமையாக இருக்கும். இதைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

கேள்வி (வாணியம்பாடி): பாய் வீட்டு விருந்தில் பப்பாளிக்காய் போட்டார்கள், பஞ்சு மாதிரி இருந்தது. நான் போட்டால் கறி கூழாகிறது. டின் அன்னாசி போட்டும் பார்த்தேன், அது ஒன்றுமே செய்யவில்லை.

பதில்: பப்பாளிக்காயின் பாலில் பப்பெயின் என்கிற நொதி இருக்கிறது, புரதத்தை அறுப்பது அதுதான். தோலில் பால் அதிகம், அதனால் தோலோடு அரையுங்கள். ஃப்ரிட்ஜில் இது சோம்பலாக வேலை செய்யும், கறி சூடாகி 60, 70 டிகிரியைத் தொடும்போதுதான் வேகம் பிடிக்கும். ஊறும்போது சரியாக இருந்த கறி தணலில் கூழாவது இதனால்தான். மெல்லிசாகச் சீவிய ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி விழுது, இரண்டு மணி நேரம் போதும். கராச்சியின் பிஹாரி கபாப் இப்படித்தான்: நீளமாக மெல்லிசாகச் சீவின மாட்டுக்கறி, பப்பாளிக்காய், கடுகெண்ணெய், கம்பியில் மடித்து மடித்துக் கோர்த்துச் சுடுவது. முற்றின கறிக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அன்னாசியிலும் இப்படி ஒரு நொதி உண்டு, ஆனால் டின்னில் அடைக்கும்போது சூடாக்குவதால் அது செத்துவிடும். டின்னில் அடைக்காத, புதிதாக வெட்டிய அன்னாசியாக இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: அண்ணா, பப்பாளிக்காய் கிடைக்காத நாளில் ஆப்பச்சோடா போடலாமா?

பதில்: போடலாம்மா. அரைக் கிலோ சீவிய கறிக்கு ஒரு டீஸ்பூன், கொஞ்சம் தண்ணீரில் கரைத்துப் பிசறி இருபது நிமிடம். அப்புறம் நன்றாகக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மசாலா தடவுங்கள். கழுவாமல் விட்டால் சோப்பு வாடை வரும். பப்பாளிக்காயோடு சேர்த்துப் போடாதீர்கள், ஏதாவது ஒன்று போதும்.

கேள்வி (நியூ ஜெர்சி): இங்கே ஃப்ளாங்க் ஸ்டேக் வாங்கினேன். ஊரில் பழகின மாதிரி நன்றாக வேகவிட்டால் கடினமாகிறது. சிவப்பாக எடுக்க மனசு வரவில்லை.

பதில்: ஃப்ளாங்க் என்பது அடிவயிற்றுச் சதை, நார் நீளம். வேக வேக நார் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடும். கறியின் நடுவில் 55 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்தால் மெத்தென்று இருக்கும், அமெரிக்க விவசாயத் துறை சொல்வது 63 டிகிரி, பிறகு மூன்று நிமிடம் ஆறவிடுவது. நீங்கள் 63இல் எடுங்கள், நடுவில் லேசான ரோஸ் இருக்கும், வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் அதற்குக் கீழே போகவே வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, கத்தியைச் சாய்த்துப் பிடித்துக் குறுக்கே சீவுங்கள். டெக்சாஸில் ஃபஹீதா (சுட்ட கறியைச் சீவி ரொட்டியில் சுருட்டித் தின்பது) செய்ய முதலில் எடுத்ததும் இப்படி ஒரு கடினமான சதைதான், மார்புக்கூட்டுக்கு உள்ளே பட்டையாக இருக்கும் உதரவிதானம். ஸ்பானிஷில் ஃபாஹா என்றால் இடுப்புப் பட்டை, ஃபஹீதா என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது.

இந்தியாவில் திறந்த கடையில் வாங்கும் கறிக்கு இந்தக் கணக்கு வேண்டாம், முழுதாக வேகவிடுங்கள். மெல்லிசாகச் சீவியிருந்தால் முழுதாக வெந்தும் மெத்தென்று இருக்கும்.

கேள்வி: வெளியே கருகிறது, உள்ளே பச்சையாக இருக்கிறது.

பதில்: தீ எரியும்போதே கறியை வைத்துவிடுகிறீர்கள். கரியெல்லாம் சாம்பல் பூத்து உள்ளே சிவந்திருக்க வேண்டும். தணலை ஒரு பக்கமாகத் தள்ளி மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள், கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் கறியை அந்தப் பக்கம் நகர்த்தலாம். ஒட்டியிருக்கும் அதிக மசாலாவை வழித்துவிட்டு எண்ணெய் தடவி வையுங்கள், வெல்லமோ தேனோ கடைசி ஒரு நிமிடத்தில் மட்டும்.

கேள்வி: கறி ஊறின மசாலா மிச்சமிருக்கிறது. சுடும்போது மேலே தடவலாமா?

பதில்: பச்சைக் கறி கிடந்தது, அப்படியே தடவக் கூடாது. நன்றாகக் கொதிக்கவிட்டுத் தடவுங்கள். பப்பாளிக்காய் போட்டதாக இருந்தால் கொட்டிவிடுங்கள், கொதித்தாலும் கசப்பு தட்டும். தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் உப்பு, மிளகு, எலுமிச்சை, நல்லெண்ணெய் நான்கையும் குழைத்து, சுட்ட கறி சூடாக இருக்கும்போதே மேலே ஊற்றிப் புரட்டுங்கள்.