தாழ்ப்பாளுக்குத் துளை

கேள்வி: வாசல் கதவின் கீழ்த் தாழ்ப்பாள் இறங்க, தரை டைல்ஸில் துளை போட வேண்டும். விரிசல் விட்டுவிடுமோ?

பதில்: பயம் நியாயம்தான். பெரும்பாலும் டைல்ஸை உடைப்பது டிரில்லின் ஹேமர் அடிதான், அதாவது சுழலும்போதே தட்டித் தட்டி இடிப்பது. முதலில் அந்த ஹேமரை அணைத்துவிடுங்கள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் கம்பியின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்கினால் இடம் தானாகப் பதியும். அளவு நாடாவை இந்த வேலையில் நான் நம்புவதில்லை. கம்பியைவிட 2 மி.மீ. பெரிய டைமண்ட் பிட் (வைரத்துகள் பதித்த துளைமுனை) வாங்குங்கள். சற்றுச் சாய்த்துத் தொடங்கி, பிறை மாதிரி தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். குறைந்த வேகம் போதும், அழுத்தவே வேண்டாம். அடிக்கடி நிறுத்தி ஈர ஸ்பாஞ்சால் நனையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், கையில் இருப்பது கரண்ட் கருவி! அப்புறம், கீழே சிமென்ட் வந்ததும் கான்கிரீட் பிட்டுக்கு மாறலாம். குறி டைல்ஸின் ஓரத்தை ஒட்டி விழுந்தால் மட்டும், தாழ்ப்பாளையே கொஞ்சம் நகர்த்திப் பொருத்துங்கள்.