கரடி உள்ள காட்டில் காட்டுக்கோழி வேட்டை: எந்தத் தோட்டா வாங்குவது?

கேள்வி: நான் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்காகக் கொக்குவிலுக்கு வந்து நிற்கிறேன். செப்டெம்பரில் திரும்பிப் போனதும் மச்சானோடு காட்டுக்கோழி வேட்டைக்குப் போக யோசனை. என்னிடம் 12 போர் பம்ப் துவக்கு இருக்கிறது. அந்தக் காட்டில் கருங்கரடியும் உண்டு, கிரிஸ்லி என்கிற பழுப்புக் கரடியும் உண்டு. பாதுகாப்புக்குப் பெரிய சன்னத் தோட்டா போதும் என்கிறார் கடைக்காரர். ஒற்றைக் குண்டுத் தோட்டாதான் வேண்டும் என்கிறார் மச்சான். கூட்டாளி ஒருவர் மூன்று அங்குல மாக்னம் என்கிற, வேகம் கூடிய நீளத் தோட்டாவைத் தவிர வேறொன்றையும் தொடாதே என்கிறார். எதற்குக் காசு கொடுப்பது?

பதில்: தோட்டா விஷயத்தில் உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. ஆனால் தோட்டாவுக்கு முன்னால் கரடி ஸ்ப்ரே, அதாவது கரடியின் முகத்தில் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் தகரம், ஒன்று வாங்குங்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் கேட்டதற்குப் பதில்.

காட்டுக்கோழிக்கு நீங்கள் போடும் 6, 7½ இலக்கச் சன்னங்கள் மூன்று மில்லிமீற்றர்கூட இல்லை. கரடியின் மயிரும் தோலும் கொழுப்புமே அதைத் தடுத்துவிடும். அதை நம்பவே வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது, இங்கே எஸ்.ஜி. என்று கேட்டு வாங்கும் ரகத்துக்குச் சமமானது. 2¾ அங்குலத் தோட்டாவில் 8.4 மில்லிமீற்றர்ச் சன்னம் வழக்கமாக ஒன்பது இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை கிராம். மானுக்கு அது போதும். பாய்ந்து வரும் கரடி உங்களுக்குக் காட்டுவது மண்டையையும் தோள் எலும்பையும்தான். உருண்டையான சின்ன ஈயம் அங்கே பட்டுத் தட்டையாகி நின்றுவிடும். ஒன்பதும் பட்டாலும் ஒன்றுகூட ஆழமாகப் போகாமல் விடலாம். கரடியை நிறுத்துவது ஆழம்தான், ஓட்டைகளின் எண்ணிக்கை இல்லை.

ஸ்லக் என்கிற ஒற்றைக் குண்டு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், ஒரே துண்டாகப் போகிறது. இதிலும் இரண்டு விதம் உண்டு. பின்பக்கம் குழியான மெல்லீயக் குண்டு ஒன்று, ஃபோஸ்டர் வகை என்பார்கள். விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் பட்டவுடன் நசுங்கி விரியும். மற்றது ஜெர்மன்காரர் வில்ஹெல்ம் பிரென்னக்கே 1898 இல் உருவாக்கிய வடிவம். வார்த்த கனத்த குண்டு, உடம்பில் வரிவரியாக விலா எலும்புபோல் மேடுகள், வாலில் அடைப்பான் பொருத்தியபடியே இருக்கும். கடினமான ஈயத்தில் செய்த இந்த வகை குறைவாகவே நசுங்கும், எலும்பைத் தாண்டியும் ஆழமாகப் போகும். கரடிக்கென்று வாங்கினால் இதையே வாங்குங்கள். விலை கூடத்தான், பெட்டிக்கு ஐந்துதான் வரும், ஆனால் அடிக்கடி செலவாகிற சாமான் இல்லை.

பெட்டியில் ‘சாபோ’ என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அது உட்புறம் திருகுவரி வெட்டிய குழாய்க்கு. வழுவழுப்பான குழாயில் அது சுழலாமல் புரண்டு புரண்டு போகும்.

இனி மாக்னம் கதை. உங்கள் துவக்கின் குழாயில், தோட்டா உட்காரும் அறைக்குப் பக்கத்தில், 2¾ அல்லது 3 என்று பொறித்திருக்கும். கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். 2¾ என்று இருந்தால் மூன்று அங்குலத் தோட்டாவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஏமாற்றம் எங்கே என்றால், அது உள்ளே போய்விடும், பூட்டும் பூட்டிக்கொள்ளும். மடித்து மூடியிருக்கும் தோட்டாவின் வாய் சுடும்போதுதான் விரிகிறது. விரிவதற்கு அங்கே இடம் இல்லை, அழுத்தம் எகிறும், துவக்கே வெடிக்கலாம். 3 என்று பொறித்திருந்தாலும் நான் 2¾ அங்குலக் கடினக் குண்டையே சொல்வேன். மாக்னம் தோளில் கொடுக்கிற அடியில் துவக்கின் வாய் மேலே போய்விடும், மறுபடி குறி பிடிக்கப் பிந்தும். கரடி ஒரு வெடியோடு நின்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, இரண்டாவது வெடி விரைவாக வர வேண்டும்.

இரண்டு பெட்டியாக, ஒரே ரகத்தில் வாங்குங்கள். ஒன்று சுட்டுப் பார்க்க, மற்றது கொண்டுபோக. குழாய் வாயைச் சுருக்கும் சோக் மாற்றக்கூடியதாக இருந்தால், அதிகம் சுருக்காத சிலிண்டர் அல்லது இம்புரூவ்ட் சிலிண்டர் போடுங்கள், இறுக்கமான ஃபுல் வேண்டாம். இருபது மீற்றரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு கடதாசியை ஒட்டிச் சுட்டுப் பாருங்கள். முன்குமிழை மட்டும் வைத்துக் குறி பார்க்கிற துவக்கில் ஒற்றைக் குண்டு அரை அடி மேலே போவது சாதாரணம். அதைக் காட்டில் கண்டுபிடிக்கக் கூடாது.

சரி, ஸ்ப்ரேக்கு வருவோம். கரடி மணிக்கு 50 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும். முப்பது மீற்றரில் இருந்து உங்களிடம் வர இரண்டு விநாடிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் துவக்கில் இருப்பது கோழிச் சன்னம், ஸ்லக் இருப்பது சட்டைப் பையில். மாற்றிப் போட நேரம் இல்லை. முதல் தோட்டா சன்னம், பின்னால் ஸ்லக் என்று அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பறக்கிற கோழிக்கு இரண்டாவது வெடி வைக்கும்போது அந்தக் குண்டு பல நூறு மீற்றர் தாண்டிப் போய் எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரியாது, மச்சான் எந்தப் பற்றைக்குப் பின்னால் நிற்கிறார் என்றும் தெரியாது.

இடுப்பிலோ நெஞ்சுப் பட்டியிலோ இருக்கிற ஸ்ப்ரே ஒரு கையால் வந்துவிடும். அலாஸ்காச் சம்பவங்களைத் திரட்டி 2008 இல் வெளிவந்த ஆய்வில் பத்துக்கு ஒன்பது தடவை அது கரடியை நிறுத்தியிருக்கிறது. 2012 இல் வந்த துவக்கு ஆய்வில் நீளத் துவக்குகளின் வெற்றி 76 வீதம். இரண்டும் ஒரே மாதிரியான சம்பவங்கள் இல்லை, ஆகவே நேரடியாகப் போட்டிக்கு நிறுத்தக் கூடாது. ஆனாலும் கோழி வேட்டைக்காரருக்கு எது முதலில் கைக்கு வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஸ்ப்ரே வாங்கும்போது கரடிக்கென்று கனடா சுகாதாரத் திணைக்களத்தில் பதிந்த இலக்கம் தகரத்தில் இருக்கிறதா, காலாவதித் திகதி என்ன என்று பாருங்கள். 225 கிராமுக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட வேண்டாம். விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் தடை, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். மருந்தில்லாத பயிற்சித் தகரமும் விற்கிறார்கள், ஒன்று வாங்கி இருவரும் அடித்துப் பழகுங்கள்.

தோட்டா வாங்கவும் அங்கே துவக்கு லைசன்ஸைக் காட்ட வேண்டும். உயிருக்கு ஆபத்தென்று கரடியைச் சுட நேர்ந்தால் உடனே வனவிலங்கு அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். தோலுக்கும் இறைச்சிக்கும் ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: மாங்குளம் பக்கம் எங்களுக்குக் காணி இருக்கிறது. பாலைப்பழக் காலத்தில் கரடி வருகிறது. பயிர்க்காவலுக்கு லைசன்ஸ் உள்ள துவக்கு வைத்திருக்கிறோம். மேலே கேட்டவர் வாங்கும் தோட்டா எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: வேண்டாம், ஐயா. இலங்கைக் கரடி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, உங்கள் லைசன்ஸ் அதைச் சுடுவதற்கு இல்லை. வன்னிக் கரடிக்குக் கண்பார்வை குறைவு. கிட்ட வந்த பிறகுதான் ஆளைக் காணும், திடுக்கிட்டு முகத்தில்தான் பாயும். அந்தத் தூரத்தில் துவக்கைத் தோளுக்குத் தூக்கவே நேரம் இருக்காது. பழம் பொறுக்கத் தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராக, உரத்துக் கதைத்துக்கொண்டு, நன்றாக விடிந்த பிறகு போங்கள். புதிதாகக் கிண்டிய கறையான் புற்றைக் கண்டால் அந்தப் பக்கத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். தோட்டாவுக்கு வைத்த காசில் ஆளுக்கொரு நல்ல ரோச் லைற் வாங்கினால் இருட்டினதும் காணியில் அது உதவும்.