கேள்வி பதில்: காப்பர் டிரைவரில் ஃபைபர்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் எம்பெடட் வேலை பார்க்கிறேன். இரண்டு ஷெட்டுக்கு நடுவே 100 மீட்டருக்கு மேல் தூரம், காப்பர் கேபிள் எட்டாது என்பதால், புது போர்டில் காப்பருக்கான ஆர்ஜே45-க்குப் பதில் எஸ்எஃப்பி கூண்டு, அதாவது ஃபைபர் மாட்யூலைச் சொருகும் இடம், வைத்துவிட்டார்கள். எங்கள் லினக்ஸ் டிரைவர் காப்பருக்கு எழுதியது. ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனையும் பேசி இணைப்பை முடிவுசெய்வது) அணைத்து, வேகத்தை 1000 என்று நிறுத்திப் பார்த்தேன். எங்கள் பக்கம் லிங்க் இருக்கிறது என்கிறது, எதிரே ஸ்விட்சில் விளக்கே எரியவில்லை. மாட்யூல் போயிருக்குமா?

பதில்: மாட்யூலைச் சந்தேகிக்காதீர்கள், ஆட்டோ நெகோஷியேஷனை அணைத்ததுதான் காரணம். காப்பரில் எதிர்முனையோடு பேசுவது ஃபை (PHY), அதாவது கேபிளில் சிக்னலை அனுப்பி வாங்கும் சிப், டிரைவர் அதன் ரெஜிஸ்டரைப் படித்தால் போதும். ஃபைபர் மாட்யூலுக்குள் ஃபை கிடையாது, அது மின்சாரத்தை ஒளியாக்குவதோடு சரி. பேச வேண்டியது மேக்கோடு (MAC, ஃப்ரேம்களைக் கையாளும் நெட்வொர்க் கன்ட்ரோலர்) இருக்கும் பிசிஎஸ் (PCS), அதாவது டேட்டாவைக் குறியீடாக்கும் பகுதி. நீங்கள் அதன் வாயைக் கட்டிவிட்டீர்கள், ஸ்விட்ச் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கிறது.

ஆட்டோ நெகோஷியேஷனைத் திரும்பப் போடுங்கள், ஆனால் காப்பர் ஃபங்ஷனை அப்படியே கூப்பிடாதீர்கள். 4-ஆம் ரெஜிஸ்டரின் 5-ஆவது பிட்டுக்குக் காப்பரில் 10 மெகாபிட் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசை) என்று அர்த்தம், கிகாபிட் ஃபைபரிலோ அதே பிட் ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு திசையும் ஒன்றாக). பாஸ் (அனுப்புவதைச் சற்று நிறுத்தச் சொல்லும்) பிட்டுகளும் 10, 11-லிருந்து 7, 8-க்கு வந்துவிடும். இன்னொன்று, எஸ்ஜிஎம்ஐஐ (மேக்கையும் ஃபையையும் இணைக்கும் முறை), 1000பேஸ்-எக்ஸ் (கிகாபிட் ஃபைபர் முறை) இரண்டும் அதே 1.25 கிகாபாடில், அதே 8பி/10பி குறியீட்டில் ஓடுவதால் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் எதிர்முனைக்குப் போகும் கான்ஃபிக் வார்த்தை வேறு. பிசிஎஸ் இன்னும் பழைய எஸ்ஜிஎம்ஐஐ மோடிலேயே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவசரத்துக்கு 'ஃபைபர் என்றால்' என்று ஒரு இஃப் போட்டு முடித்துவிடத் தோன்றும். நானும் ஒரு போர்டில் அப்படித்தான் செய்தேன், ஒரு நாள் யாரோ அதே கூண்டில் காப்பர் எஸ்எஃப்பியைச் சொருகினார்கள், அதற்குள் ஃபை இருக்கும், அது எஸ்ஜிஎம்ஐஐ கேட்டது, அத்தோடு எல்லாம் நின்றது. அதனால் டிரைவரை ஃபைலிங்குக்கு (phylink, மேக், ஃபை, எஸ்எஃப்பி மூன்றையும் இணைத்துக் கையாளும் லினக்ஸ் கெர்னல் பகுதி) மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். 2017-இல் வந்த 4.14 கெர்னலிலிருந்தே அது இருக்கிறது. மாட்யூலின் ஈப்ராமை (அதன் விவரம் எழுதிய மெமரி) ஐ2சி-யில் 0x50 முகவரியில் படிப்பது, லேசரை அணைப்பது, ஒளி இழப்பைக் கவனிப்பது எல்லாம் எஸ்எஃப்பி கோடு பார்த்துக்கொள்ளும். எந்த மோட் என்று அது சொல்ல, நீங்கள் மேக்கையும் பிசிஎஸ்ஸையும் அதற்கேற்ப அமைத்தால் போதும். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரம்) கூண்டை இணைக்கவும், 'மேனேஜ்டு' என்பதில் இன்-பேண்ட் ஸ்டேட்டஸ் என்று எழுதவும் மறக்காதீர்கள்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்த மாட்யூல் கேட்டு வாங்குவது?

பதில்: முதலில் கேபிளைப் பாருங்கள். மல்டிமோடு என்றால் 850 நானோமீட்டர் எஸ்எக்ஸ், சிங்கிள்மோடு என்றால் 1310 எல்எக்ஸ், இரண்டு முனையிலும் ஒரே ரகம். ஒற்றை இழையிலேயே இரு திசையும் போகும் பைடி என்றால் மட்டும் எதிரெதிர் ஜோடியாக வாங்க வேண்டும். அப்புறம், ஒளி வருகிறதா என்று கண்ணை வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள், அது அகச்சிவப்பு. டயக்னாஸ்டிக்ஸ் உள்ள மாட்யூலாக வாங்கினால் லினக்ஸின் ஈத்டூல் கட்டளையில் 'எம்' ஆப்ஷனே ஒளியின் அளவைக் காட்டும்.