சுவருக்குள் இருப்பதற்கு முதலிடம் – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: சென்னை குரோம்பேட்டையில் 1996ஆம் ஆண்டு கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டை மறுவிற்பனையில் வாங்கி, கடந்த ஜூன் மாதம் குடிவந்தோம். மொசைக் தரை, தேக்குக் கதவுகள், பழைய கட்டை ஃபியூஸ் பெட்டி என்று எல்லாமே கட்டிய காலத்தில் போட்டவை. வீட்டுக்கடன் தவணை போக மாதம் 15,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்பதால் மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் புதுப்பிக்க எண்ணியிருக்கிறோம். தீபாவளிக்குள் பெயிண்ட் அடித்து, டைல்ஸ் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்கிறார்கள் உறவினர்கள். எதில் தொடங்குவது? பொருள் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: இந்த ஆண்டு பெயிண்ட் வாங்க வேண்டாம். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பணம் வீணாவதற்கு, வேலையின் தரத்தைவிட வேலைகளின் வரிசையே பெரும்பாலும் காரணமாகிறது. கண்ணுக்குத் தெரிவதை முதலில் அழகுபடுத்திவிடுகிறோம். சுவருக்குள் ஓடும் குழாயும் ஒயரும் பிற்பாடு தொல்லை கொடுக்கும்போது அந்த அழகையே உடைக்க வேண்டியதாகிறது. நானும் வீடு வாங்கிய புதிதில் இதே தவற்றைச் செய்தேன். கிருகப்பிரவேசத்துக்கு முன் கூடம் முழுவதும் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தேன். எட்டு மாதம் கழித்து ஏ.சி.க்குத் தனி ஒயர் இழுப்பதற்காக அதே சுவரில் காடி வெட்ட நேர்ந்தது. பூசி அடைத்த அந்த இடம் பகல் வெளிச்சத்தில் இன்றும் தனியாகத் தெரிகிறது.

சென்னைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. மேல்தளத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த மூன்று மாதங்களே வீட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லும். எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது, எந்த ஜன்னலின் சன்ஷேடு வழியாக நீர் இறங்குகிறது, கூரையில் எங்கே கறை விரிகிறது என்பதையெல்லாம் கைபேசியில் தேதியோடு படமெடுத்து வையுங்கள். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், உள்ளே ஊறிய நீர் பூச்சில் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்தால், நீர் வரும் வழி அடைபடாதவரை எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் பொரிந்து உதிரும்.

ஐயமுள்ள இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். முதலாவதற்குத் தளத்திலோ குழாயிலோ வேலை இருக்கிறது. இரண்டாவதற்குக் காற்றோட்டமே போதும். இந்த வேறுபாடு தெரியாமல் சுவர் முழுவதும் ‘வாட்டர் ப்ரூஃப்’ பூச்சுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஏராளம். மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது என்பதால், அங்கே தட்டோடு விரிசல் விட்டிருந்தால் உங்கள் கைப்பணத்தில் சரிசெய்யத் தொடங்கிவிடாமல், படங்களோடு குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்துப் பொதுச் செலவில் செய்யக் கேளுங்கள்.

குழாய்களுக்கு வருவோம். அந்தக் காலக் கட்டடங்களில் பெரும்பாலும் ஜி.ஐ. இரும்புக் குழாய்களே சுவருக்குள் பதிக்கப்பட்டன; அவை உள்ளே துருவேறிக் குறுகிவிடும். காலையில் முதலில் திறக்கும் குழாயில் செம்மண் நிறத்தில் நீர் வந்தாலும், குளியலறைக் குழாயைத் திறந்ததும் சமையலறைக் குழாயின் வேகம் குறைந்தாலும் குழாய்களை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். வெந்நீர் செல்லும் வழிக்கு சி.பி.வி.சி. குழாயே பொருந்தும், சாதாரண பி.வி.சி. வெப்பம் தாங்காது. குளியலறைத் தரையை உடைத்துச் செய்வதாக இருந்தால், நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தரையில் நீரைத் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டாரைத் தங்கள் கூரையைப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். இந்தச் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதி, அது முடிந்த பிறகே அடுத்த தவணைப் பணம் என்று வைத்துவிட்டால் கொத்தனாருக்கும் அவசரம் இருக்காது.

மின்சாரத்தில் மட்டும் மழைக்காலம் முடியும்வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் முதல் ஆண்டு ஒதுக்கீடான 1,80,000 ரூபாயில் முதல் செலவு இதற்குத்தான் போக வேண்டும். கட்டை ஃபியூஸை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் எம்.சி.பி.யும், மொத்த வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் உணர்திறன் கொண்ட ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். எம்.சி.பி. அதிகச் சுமையிலிருந்தும் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்தும் ஒயரைக் காக்கிறது. மின்சாரம் மனித உடல் வழியாகத் தரைக்குப் பாயும்போது ஆர்.சி.சி.பி. நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்று சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். விளக்குகளுக்கு 1.5, சாதாரண பவர் பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கெய்சருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் என்பது வீடுகளில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஏ.சி. இப்போது வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அதற்கான ஒயரை இப்போதே இழுத்துவிடுங்கள். மின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றும்போது, அனுமதிக்கப்பட்ட மின்சுமை இந்தக் கருவிகளுக்கெல்லாம் போதுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயர் சுருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 694 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே, பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். சுவருக்குள் போன ஒயரை எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார்.

தரையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: விரிசல் இல்லாத மொசைக் தரையின் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். ஒட்டினால் தளத்தின் மேல் எடை கூடும், தரை உயர்ந்து ஒவ்வொரு கதவின் அடியையும் அறுக்க வேண்டிவரும், குளியலறைப் படியின் உயரமும் குறையும். மொசைக்கை இயந்திரத்தால் கரடுமுரடான கல்லில் தொடங்கிப் படிப்படியாக நயமான கல்வரை தேய்த்து மெருகேற்றினால், முப்பது ஆண்டுத் தரையும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். செலவும் டைல்ஸ் போடுவதைவிட மிகக் குறைவு. தேய்க்கும்போது சேற்று நீர் சுவரின் அடியில் தெறிக்கும் என்பதால் இதைப் பெயிண்டுக்கு முன் செய்துவிட வேண்டும். தேக்குக் கதவுகளையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கதவை எடுத்துக்கொண்டு புதியது தருகிறோம் என்று வருபவர், உங்கள் தேக்கின் மதிப்பை அறிந்தே வருகிறார்.

பெயிண்ட் அடுத்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில், சுவர் நன்கு காய்ந்தபின் அடிக்கலாம். வீட்டு அலங்காரப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உங்கள் ஜன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் உள்ள பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றை உலர்வாகத் தேய்க்கவிடாமல் ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் இருந்தால் அந்த நாள்களில் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசும்போது அளவை நீங்களே எடுங்கள். 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்ற அறையில் நான்கு சுவர்களும் 440 சதுர அடி, கூரை 120, மொத்தம் 560. ஒரு கதவையும் ஒரு ஜன்னலையும் கழித்தால் ஏறத்தாழ 520 சதுர அடி வரும். கழிப்பதா, கழிக்காமல் முழு அளவுக்கும் கூலியா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள், கடைசி நாளில் மனக்கசப்பு வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

மின்விசிறிகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட) விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் ஓடும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றுக்கு மாதம் சுமார் 20 யூனிட் மிச்சமாகும். 2023 ஜனவரி முதல் மேல்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால், அது இல்லாத விசிறியை வாங்க வேண்டாம். ‘வட்டியில்லாத் தவணை’ என்று ஏ.சி.யையும் குளிர்பதனப் பெட்டியையும் விற்கும்போது, மொத்தப் பணமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பல நேரங்களில் ரொக்கத் தள்ளுபடியை விட்டுக்கொடுப்பதோடு, செயல்பாட்டுக் கட்டணமும், கடன் அட்டைத் தவணையாக இருந்தால் வங்கி உள்ளுக்குள் கணக்கிடும் வட்டித் தொகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நம் தலையில் விழுகின்றன. மாதம் 15,000 ரூபாய் ஒதுக்கக்கூடிய நீங்கள், இரண்டு மாதம் சேர்த்துவைத்து வாங்குவதே நல்லது.

கேள்வி: சமையலறை அலமாரிகளுக்கு ‘710 பிளைவுட்’ போடுகிறேன் என்று தச்சர் மொத்தமாக விலை சொல்கிறார். அது என்ன என்றும், அதைத்தான் போடுகிறார் என்றும் நான் எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐ.எஸ். 710 என்பது கொதிநீரில் நீண்ட நேரம் வேகவைத்தாலும் அடுக்குகள் பிரியாத மரைன் பிளைவுட்டுக்கான தரம். ஐ.எஸ். 303 என்ற தரத்தில் ஓரளவு ஈரம் மட்டும் தாங்கும் எம்.ஆர்., அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். என்று இரு வகைகள் உள்ளன. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ் அலமாரிக்கு 710 தேவை. படுக்கையறைத் துணி அலமாரிக்கு எம்.ஆர். வகையே போதும். வீடு முழுவதற்கும் 710 என்று பேசுவதும் தேவையற்ற செலவுதான்.

மரத்தை நீங்களே வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் பேசுங்கள். 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்று 32 சதுர அடி. எத்தனை பலகைகள் வேண்டும் என்று தச்சரிடம் எழுதி வாங்கி, தரமும் கனமும் குறிப்பிட்ட பில்லோடு கடையில் வாங்குங்கள். ஒவ்வொரு பலகையிலும் அச்சிட்டிருக்கும் உரிம எண்ணை, மைக்கா ஒட்டுவதற்கு முன் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சமையலறையை மாடுலராக மாற்ற ஒரு நிறுவனத்துக்கு 1,60,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். 45 நாள்களில் முடிப்பதாகச் சொன்னவர்கள் ஐந்து மாதமாகியும் தொடங்கவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தொலைபேசியில் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். முன்பணம் கொடுத்த தேதி, தொகை, ஒப்புக்கொண்ட காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 15 நாள்களுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன் விரைவஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். அதே நேரத்தில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது.

பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் வேறு ஊரில் இருப்பது தடையாகாது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம்வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. இணையவழியில் ‘இ-ஜாக்ருதி’ தளத்திலும் தாக்கல் செய்யலாம். குறைபாடு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இல்லையென்று கவலைப்பட வேண்டாம்: விலைப்புள்ளி, வங்கிப் பரிமாற்றச் சான்று, ‘45 நாளில் முடித்துவிடுவோம்’ என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை அழித்துவிடாமல் அச்செடுத்து வையுங்கள். ‘பொருள் வந்துவிட்டது, மீதியைக் கட்டினால்தான் அனுப்புவோம்’ என்று அவர்கள் இடையில் கேட்டால், பொருளை நேரில் பார்த்து அளவு சரிபார்க்கும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.